ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு: முகவர் இல்லாமல் நாமே விண்ணப்பிக்க முடியுமா?

நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒரு கல்லூரியில் 2025 மே மாதம் இயந்திரப் பொறியியல் முடித்தேன். ஒட்டுமொத்தச் சராசரி 10-க்கு 7.8. இப்போது கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அடுத்த குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பில் சேர வேண்டும் என்பது என் விருப்பம். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. உறவில் வழிகாட்ட யாரும் இல்லை.

சென்ற வாரம் அப்பாவுடன் ஒரு கன்சல்டன்சிக்குச் சென்றேன். என் மதிப்பெண் பட்டியல்களை முழுமையாகப் புரட்டிக்கூடப் பார்க்காமல், அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது கடினம் என்றும், ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உறுதியாக இடம் வாங்கித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். அவர்களுடைய சேவைக் கட்டணம் 1.75 லட்சம் ரூபாய். படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 12,000 யூரோ, அது தனி. அப்பா தோட்டத்துப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்று பேசத் தொடங்கிவிட்டார். கையெழுத்துப் போடும் முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். இந்த வேலையை நானே செய்ய முடியுமா? 7.8 என்பது உண்மையிலேயே போதாதா? எதை முதலில் செய்ய வேண்டும்?

எல்பெக்கரை

தங்கை, முதலில் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். நான் மக்டபர்க்கில் முதுநிலை முடித்து இங்கேயே வேலை செய்கிறேன். முகவர் யாரும் இல்லாமல்தான் விண்ணப்பித்தேன், என்னோடு படித்த தமிழ்நாட்டு மாணவர்களில் பலரும் அப்படித்தான்.

கணக்கை எடுத்து வைத்துப் பாருங்கள். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்கு ஏறத்தாழ அதே அளவு. பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக ஐந்து படிப்புகளுக்கு விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவுமாக மொத்தம் 195 யூரோ. விசாவுக்கு 75 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சேர்ந்து 63,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். முகவர் வழியாகப் போனாலும் இந்தச் செலவு எதுவும் குறையாது, 1.75 லட்சம் இதற்கு மேல்தான் வரும். அந்தப் பணத்துக்கு அவர்கள் செய்வது, நீங்கள் நிரப்பக்கூடிய இணையப் படிவத்தை உங்களுக்குப் பதிலாக நிரப்புவது. மிக முக்கியமான ஒரு வேலையை மட்டும் அவர்கள் செய்வதே இல்லை. உங்கள் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தை எடுத்து, நீங்கள் சேர விரும்பும் படிப்பின் நுழைவு விதிகளோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அது. ஜெர்மானியச் சேர்க்கையில் பாதிக்கு மேல் அந்த ஒப்பீட்டில்தான் முடிவாகிறது என்பது என் அனுபவம்.

நம் ஊரில் 'இயந்திரப் பொறியியல், 7.8' என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே அப்படியில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் சேர்க்கை விதி ஆவணம் ஒன்று பொதுவெளியில் இருக்கும். அதில் கணிதத்தில் இத்தனை ஈ.சி.டி.எஸ்., பயன்பாட்டு இயக்கவியலில் இத்தனை, வெப்ப இயக்கவியலிலும் பாய்ம இயக்கவியலிலும் இத்தனை என்று எழுதியிருப்பார்கள். சராசரி 9 வைத்திருந்தும் அந்தப் பட்டியலில் ஒரு வரி நிரம்பாததால் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஈ.சி.டி.எஸ். என்பது மாணவரின் உழைப்பு நேரத்தை அளக்கும் அலகு; ஒரு பருவத்துக்கு 30, ஒரு ஆண்டுக்கு 60. ஆகவே நான்காண்டுப் பட்டத்தை 240 என்று கொள்ளலாம். உங்கள் பட்டத்தின் மொத்த கிரெடிட் 160 என்றால், ஒரு கிரெடிட் ஏறத்தாழ 1.5 ஈ.சி.டி.எஸ். ஆகிறது. நான்கு கிரெடிட் வீதம் நான்கு கணிதத் தாள்கள் படித்திருந்தால் கணிதத்தில் உங்களுக்கு 24 இருக்கிறது. இது தோராயக் கணக்குதான். இறுதியாக மதிப்பிடுவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழு. ஆனாலும் இப்படி ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தால், எந்தக் கதவைத் தட்டலாம், எதைத் தட்டிப் பயனில்லை என்பது ஒரே மாலைப்பொழுதில் தெரிந்துவிடும்.

இந்த வார இறுதியில் நீங்கள் படித்த பல்கலைக்கழக விதிமுறைக்குரிய (ரெகுலேஷன்) பாடத்திட்டப் புத்தகத்தைப் பதிவிறக்கி, ஒவ்வொரு தாளின் பெயர், கிரெடிட், பாடத்தின் சுருக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு பேசலாம்.

கெம்னிட்ஸ்வாசி

7.8 போதுமா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் பலர் தவறான கணக்கைப் போட்டு மனம் உடைந்துபோகிறார்கள்.

ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்த மதிப்பு, 4.0 வெறும் தேர்ச்சி. வெளிநாட்டு மதிப்பெண்ணை அதற்கு மாற்ற 'திருத்திய பவேரிய வாய்பாடு' என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதை உச்ச மதிப்புக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டினால் ஜெர்மன் மதிப்பு கிடைக்கும்.

இதில் தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பு என்ன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதை 5 என்று கொண்டால், 10-லிருந்து 7.8-ஐக் கழித்தால் 2.2, அதை 5-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் உங்கள் மதிப்பு 2.32. அதையே 6 என்று கொண்டால் 4-ஆல் வகுக்க வேண்டும், அப்போது 2.65. பல படிப்புகள் 2.5 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பைக் கேட்கின்றன. அதாவது மாணவர் அவரேதான், மதிப்பெண்ணும் அதுவேதான். ஒரு கணக்கில் உள்ளே, இன்னொரு கணக்கில் வெளியே. நம் பல்கலைக்கழகங்களின் விதிமுறைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. சிலவற்றில் தேர்ச்சியின் கடைசிப் படி 5, சிலவற்றில் 6. ஆகவே உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மதிப்புப் படி விளக்கத்தைப் பார்த்து, அதையும் வருடி (ஸ்கேன் செய்து) விண்ணப்பத்தோடு இணையுங்கள். அந்தப் பின்பக்கத்தை யாரும் கேட்கவில்லை என்று விட்டுவிடுபவர்களே அதிகம். நீங்கள் கொடுக்காவிட்டால் மதிப்பிடுபவர் தன் கையிலிருக்கும் வேறொரு எண்ணை எடுத்துக்கொள்ள நேரலாம்.

உங்கள் 7.8 பெருமைப்படத்தக்க மதிப்பு. அதைக் குறைவு என்று ஒருவர் சொன்னார் என்றால், அவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

கூடல்நகர்

எல்லோரும் கன்சல்டன்சியையும் தனியார் பல்கலைக்கழகத்தையும் ஒரேயடியாக ஒதுக்குவது சரியாகப் படவில்லை. என் தங்கை மகன் முகவர் மூலமாகத்தான் போனான்; ஜெர்மானிய அரசு அங்கீகரித்த ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் படித்தான்; இன்று நல்ல வேலையில் இருக்கிறான். எல்லா மாணவர்களுக்கும் ஆவணங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமையும் ஆங்கிலப் பழக்கமும் இருப்பதில்லை. அவர்களுக்கு ஒரு துணை வேண்டாமா?

எல்பெக்கரை

ஐயா, உங்கள் மருமகன் நன்றாக இருப்பது மகிழ்ச்சி. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்கள் சட்டப்படியானவை, அவற்றின் பட்டமும் செல்லும். துணை தேவைப்படுவோர் இருக்கிறார்கள் என்பதையும் ஏற்கிறேன்.

என் மறுப்பு ஒன்றுதான். சில முகவர்களுக்கு மாணவரிடமிருந்தும் பணம் வருகிறது, தனியார் நிறுவனத்திடமிருந்தும் தரகு வருகிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் அந்த இரண்டாவது வருமானம் இல்லை. இந்த நிலையில் 7.8 வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் 'உனக்கு அரசு இடம் கிடைக்காது' என்று சொல்லப்படும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை அவர் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே இல்லை. பருவப் பங்களிப்பு என்று பெரும்பாலும் 100 முதல் 350 யூரோ வரை கட்டுகிறோம், பல இடங்களில் பயணச் சீட்டும் அதற்குள் வந்துவிடுகிறது. அப்படியிருக்க, ஆண்டுக்கு 12,000 யூரோ கட்டுவது தோட்டத்துப் பத்திரத்தை அடகு வைத்து எடுக்க வேண்டிய முடிவாக எனக்குத் தோன்றவில்லை.

தனியாரில் சேருவோர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளட்டும். வகுப்புகளில் பெரும்பகுதி இணையவழியில் நடக்கும் படிப்பாக இருந்தால், படிப்பதற்கான வதிவிட அனுமதியில் சிக்கல் வரும். அந்த அனுமதி நேரில் வந்து படிப்பவருக்கானது. சேரும் முன்பே இதை எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும்.

நெக்கார்க்கரை

'ஜெர்மனியில் கட்டணமே இல்லை' என்ற சொல்லுக்கு இரண்டு விலக்குகளைச் சேர்க்க விரும்புகிறேன். நான் படிக்கும் ஸ்டுட்கார்ட், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கிறது. இங்கே 2017-18 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். கார்ல்ஸ்ரூஹ், ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் எல்லாம் இதே மாநிலம்தான். இரண்டாவது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 2024-25 குளிர்காலப் பருவம் முதல் அங்கே புதிதாகச் சேரும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு முதுநிலையில் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் உண்டு. பழைய காணொளிகளைப் பார்த்துவிட்டு அங்கே இலவசம் என்று நம்பி வருவோர் இன்னமும் இருக்கிறார்கள்.

கட்டணத்தைக் கொடுத்தாவது இங்கே படிப்பது எனக்குப் பொருத்தமாக இருந்தது, ஏனென்றால் வாகனத் தொழில் முழுவதும் சுற்றிலும் இருக்கிறது. ஆனால் அது நான் தெரிந்து எடுத்த முடிவு.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. எல்பெக்கரை அக்கா சொன்னபடி அட்டவணை போட்டேன். நான்கு ஆண்டுகள் படித்த படிப்பை இப்படி ஒரே தாளில் பார்த்தது இதுவே முதல் முறை. கணிதம் 24, இயக்கவியலும் பொருள் வலிமையியலும் நன்றாக இருக்கின்றன, பாய்ம இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும் திருப்தி. மின்னியல், கட்டுப்பாட்டுப் பொறியியல் பக்கம் குறைவு. ஆகவே மெக்கட்ரானிக்ஸ் படிப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் தேர்ச்சியின் கடைசிப் படி 5 என்றே இருக்கிறது.

இப்போது இரண்டு சந்தேகங்கள். ஏ.பி.எஸ்., ஐ.இ.எல்.டி.எஸ்., யூனி-அசிஸ்ட் ஆகியவற்றில் எது முதலில்? அடுத்து, என் பெயர். மதிப்பெண் பட்டியல்களில் என் பெயருக்குப் பின் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கிறது. கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப் பெயரும் என் பெயரோடு சேர்ந்து 'கொடுக்கப்பட்ட பெயர்' என்ற இடத்தில் வந்திருக்கிறது. குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. இது பிரச்சினை ஆகுமா?

கெம்னிட்ஸ்வாசி

ஏ.பி.எஸ். தான் முதலில், இன்றே தொடங்குங்கள். புது டெல்லியில் இயங்கும் அந்தப் பிரிவு உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவையா, அந்தப் பட்டம் ஜெர்மானிய உயர்கல்விக்கு ஏற்றதா என்று சரிபார்க்கிறது. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களின் விசா விண்ணப்பத்துக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிக்கும்போதே கேட்கின்றன. கூட்டம் மிகுந்த மாதங்களில் காத்திருப்பு நீளும். அந்த நேரத்தில் மொழித் தேர்வை முடித்துவிடலாம். ஆங்கிலவழிப் படிப்புகளில் பல ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பு 6.5 கேட்கின்றன.

கடைசித் தேதிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 என்று எங்கும் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு மார்ச் 1 கடைசி நாள். அது மட்டுமல்ல, ஜூலை நடுவில் விண்ணப்பித்து ஆகஸ்டில் அனுமதி வந்தால், அக்டோபருக்குள் விசா கிடைப்பது மிகக் கடினம். யூனி-அசிஸ்ட் ஆவணங்களைச் சரிபார்க்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஏதாவது ஒரு தாள் விடுபட்டிருந்தால் அதைச் சேர்ப்பதற்கும் கடைசித் தேதிக்குள்தான் நேரம். கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்பே அனுப்பிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்டின் வழியே வராமல் நேரடியாகத் தங்கள் இணையவாயிலில் பதியச் சொல்லும், சில அந்த அமைப்பிடமிருந்து முன்மதிப்பீட்டு ஆவணம் மட்டும் வாங்கி வரச் சொல்லும். மூன்றில் எது என்பதைப் படிப்பின் பக்கத்தில் பார்த்து உங்கள் அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.

வடமராட்சி

பெயர் விடயம் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் ஊரில் தந்தையின் பெயர் முன்னால் வரும், உங்கள் ஊரில் பின்னால் எழுத்தாக வரும். இரண்டுமே ஜெர்மானியப் படிவத்தில் உள்ள முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. நான் டிரெஸ்டனுக்கு விண்ணப்பித்தபோது ஓர் ஆவணத்தில் தந்தையின் பெயரையும் இன்னொன்றில் என் பெயரையும் குடும்பப்பெயராகப் போட்டுவிட்டேன். அவர்கள் இருவேறு ஆட்கள் என்று எண்ணி விளக்கம் கேட்டு எழுதினார்கள். மூன்று வாரம் போனது.

கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ, அதுவே உங்கள் பெயர். எல்லாப் படிவங்களிலும், ஐ.இ.எல்.டி.எஸ். பதிவிலும், வங்கியிலும் ஓரெழுத்துப் பிசகாமல் அதையே இடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது பிறகு வங்கிக் கணக்கு, நகராட்சிப் பதிவு, காப்பீடு என ஒவ்வோர் இடத்திலும் தொல்லை தரும். உங்களுக்கு நேரம் இருப்பதால், இப்போதே கடவுச்சீட்டைப் புதுப்பித்துத் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது என்பேன். ஆனால் ஏ.பி.எஸ். விண்ணப்பத்துக்கு முன்பே அதைச் செய்யுங்கள், பின்பு வேண்டாம். மதிப்பெண் பட்டியலில் உள்ளவரும் கடவுச்சீட்டில் உள்ளவரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழி ஒன்றையும் ஆங்கிலத்தில் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எங்களுக்கு ஏ.பி.எஸ். நடைமுறை இல்லை, விசா விண்ணப்பம் கொழும்பிலுள்ள ஜெர்மன் தூதரகத்தைச் சேர்ந்தது. மூன்றாண்டுப் பொதுப்பட்டம் பெற்றவர்கள், நான்காண்டுச் சிறப்புப்பட்டம் பெற்றவர்களைவிடக் கவனமாகச் சேர்க்கை விதியைப் படிக்க வேண்டும்.

நொய்யல்கரை

மிக்க நன்றி அண்ணா. கடவுச்சீட்டு மாற்றத்துக்கு இன்றே பதிவு செய்துவிட்டேன். நோக்கக் கடிதத்தை எழுத உட்கார்ந்தால் 'சிறுவயதிலிருந்தே இயந்திரங்கள் மீது ஆர்வம்' என்பதைத் தாண்டி வரவில்லை. எப்படித் தொடங்குவது?

எல்பெக்கரை

அந்த வரியை அடித்துவிடுங்கள். அதைப் போன்ற ஆயிரம் கடிதங்களைச் சேர்க்கைக் குழு படித்திருக்கும். உங்களிடம் அதைவிட நல்ல தொடக்கம் இருக்கிறது, நீங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. நீங்கள் தினமும் ஒரு பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி, எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, எவ்வளவு மின்சாரம் உறிஞ்சுகிறது என்று அளக்கிறீர்கள். அளந்த திறன் வரைபடம் வடிவமைப்பில் கணித்ததோடு எங்கே ஒத்துப்போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை உங்கள் இளநிலைப் படிப்பால் விளக்க முடியவில்லை என்றால், அந்த இடைவெளியை எழுதுங்கள். பிறகு, அந்தப் படிப்பில் உள்ள எந்தப் பாடம் அதற்கு விடை தரும் என்று அந்தப் பாடத்தின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இந்த இரண்டாம் பகுதி மாற வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று சொல்ல ஆசையாக இருக்கிறது. காற்றை வெளியேற்றும் பம்பை 17-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய ஓட்டோ ஃபோன் குவெரிக்கெ இந்த மக்டபர்க் ஊர்க்காரர். எங்கள் பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. கோவையிலிருந்து ஒரு பம்ப் பொறியாளர் இங்கே விண்ணப்பித்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பருத்திக்காடு

வணக்கம். நான் மாணவன் அல்ல, இதே போன்ற ஒரு மகளின் தந்தை. மகளுக்கு அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. முடக்கக் கணக்கில் 12 லட்சம் ரூபாய் அளவுக்குப் போட வேண்டும் என்கிறாள். அந்தப் பணம் யாருக்குப் போகிறது, விசா மறுக்கப்பட்டால் திரும்ப வருமா என்பது எனக்குப் பிடிபடவில்லை. வங்கியில் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. அங்கே பகுதிநேர வேலை செய்து கடனை அடைத்துவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெக்கார்க்கரை

ஐயா, அந்தப் பணம் யாருக்கும் போவதில்லை. உங்கள் மகளின் பெயரிலேயே இருக்கிறது. பிளாக்டு அக்கவுண்ட் என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். ஜெர்மனியில் ஓராண்டு வாழத் தேவையான பணம் கையில் இருக்கிறது என்று விசா அதிகாரிக்குக் காட்டும் வழி அது. 2024 செப்டம்பர் 1 முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. மகள் ஜெர்மனியில் இறங்கி, நகராட்சியில் முகவரியைப் பதிந்து, அங்கே ஒரு சாதாரணக் கணக்கைத் திறந்ததும், மாதம் 992 யூரோ வீதம் அதிலிருந்து விடுவிக்கப்படும். மொத்தமாக எடுக்க முடியாது. விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டி அசல் தொகையைத் திரும்பப் பெறலாம். சேவைக் கட்டணமும் நாணய மாற்றில் ஏற்படும் இழப்பும் மட்டும் போய்விடும். கல்விக் கடனிலிருந்து நேரடியாக இந்தக் கணக்குக்கு அனுப்புவது வழக்கமான நடைமுறைதான். வங்கிக் கிளையில் தெரியாவிட்டால், கணக்கைத் திறந்ததும் வரும் உறுதிக் கடிதத்தையும் அனுமதிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்தின் கல்விக் கடன் பிரிவுக்குப் போங்கள்.

பகுதிநேர வேலை பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டது சரியல்ல. 2024 மார்ச் 1 முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்ய அனுமதி உண்டு. குறைந்தபட்ச ஊதியம் 2025-இல் மணிக்கு 12.82 யூரோ. கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் 992-இல் மாணவர் மருத்துவக் காப்பீடு ஏறத்தாழ 140 யூரோவை எடுத்துக்கொள்ளும். விடுதி அறைக்கு 300 அல்லது 350. மீதியில் சாப்பாடு, கைப்பேசி, குளிருக்கான உடை, பருவப் பங்களிப்பு. வேலை செய்து வரும் பணம் அங்கே நிம்மதியாக வாழ உதவும், இரண்டாம் ஆண்டுச் செலவுக்குக் கை கொடுக்கும். முதல் பருவத்தில் பாடத்தைப் பிடித்துக்கொள்ளவே நேரம் போதாது, அப்போது ஊரில் தவணை கட்ட வேண்டிய சுமையையும் தலையில் வைத்தால் பிள்ளைகள் ஒடிந்துபோகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். படிப்பு முடியும் வரை தவணை தொடங்காத கடனாகப் பாருங்கள். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதங்கள் தங்கும் அனுமதி கிடைக்கும். கடனை அடைக்கும் காலம் அதற்குப் பிறகுதான்.

கெம்னிட்ஸ்வாசி

விசாவைப் பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது மறுத்தால், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆகவே முதல் கோப்பே முழுமையாக இருக்க வேண்டும். இணையவாயிலில் ஆவணங்களை முதலில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் நேரில் செல்லும் நாள் கிடைக்கும். அங்கே நீங்கள் ஏன் இந்தப் படிப்பை எடுத்தீர்கள் என்று கேட்டால், நோக்கக் கடிதத்தில் எழுதியதும் வாயால் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். முகவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போனவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பருத்திக்காடு

மிக விளக்கமாகச் சொன்னீர்கள். இன்று இரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இதை ஒருமுறை சத்தமாகப் படித்தோம். நன்றி.

கூடல்நகர்

முன்பு மாற்றுக் கருத்து சொன்னவன் நான். தேர்ச்சிப் படி 5, 6 என்ற அந்தக் கணக்கை என் மருமகனிடம் காட்டினேன். அவனுடைய விண்ணப்பத்தின்போது யாரும் இதை அவனுக்குச் சொல்லவில்லை என்றான். தெரிந்திருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு முயன்றிருப்பேன் என்றும் சொன்னான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் இளைய மகள் அடுத்து வருகிறாள். பள்ளி முடித்ததும் நேராக இளநிலைக்குப் போக முடியுமா?

எல்பெக்கரை

பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும் இருந்தால் நேரடியாக இடம் கிடைக்காது ஐயா. இங்கே ஓராண்டு ஆயத்தக் கல்லூரியில் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும்; அல்லது இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் முதலாண்டை வெற்றிகரமாக முடித்துவிட்டு அதே துறைக்கு விண்ணப்பிக்கலாம்; ஜே.ஈ.ஈ. அட்வான்ஸ்டு தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தொழில்நுட்பத் துறைகளில் நேரடி வழி உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. மொழியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். இதைப் பேச இந்த இழை போதாது. தனி இழையாகத் தொடங்குங்கள், நான் வந்து எழுதுகிறேன்.

நொய்யல்கரை

ஐந்து மாதங்களுக்குப் பிறகு இந்த இழைக்குத் திரும்பி வருகிறேன். ஐந்து படிப்புகளுக்கு விண்ணப்பித்தேன். மூன்றிடமிருந்து பதில் வந்துவிட்டது. ஓர் இடத்தில் மறுத்துவிட்டார்கள். கட்டுப்பாட்டுப் பொறியியலில் தேவையான ஈ.சி.டி.எஸ். இல்லை என்று காரணத்தையும் எழுதியிருந்தார்கள். அட்டவணையில் நானே குறைவு என்று குறித்திருந்த அதே வரி. தெரிந்தேதான் ஒரு முயற்சி செய்தேன், வருத்தமில்லை. இன்னொரு இடத்தில் ஒரு தாள் விடுபட்டதாக யூனி-அசிஸ்ட் எழுதியது. எட்டு வாரம் முன்பே அனுப்பியிருந்ததால் சேர்த்துவிட முடிந்தது, முடிவு இன்னும் வரவில்லை. மூன்றாவதாக, மக்டபர்க்கிலிருந்து நேற்று அனுமதிக் கடிதம் வந்தது.

அப்பா அந்தக் கடிதத்தை அச்செடுத்துப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்திருக்கிறார். பத்திரம் அடகுக்குப் போகாது. படிப்புக் கட்டணம் இல்லாததால் முடக்கக் கணக்குக்கும் பயணத்துக்கும் மட்டும் கல்விக் கடன் வாங்குகிறோம். அக்கா, அடுத்து நான் செய்ய வேண்டியது என்ன?

எல்பெக்கரை

தங்கை, படிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. வாருங்கள்.

கடிதத்தில் இடத்தை ஏற்றுக்கொள்ள ஒரு கடைசி நாள் கொடுத்திருப்பார்கள்; அதை முதலில் பாருங்கள், பலர் அதைத் தவறவிடுகிறார்கள். விசாவுக்கான பதிவை நாளை காலையே தொடங்குங்கள். ஆனால் இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: மாணவர் நலச் சேவை அமைப்பு நடத்தும் விடுதிக்கு விண்ணப்பம். விசா வரும் வரை அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வரிசை நீளமானது, பல இடங்களில் விண்ணப்பித்த நாளை வைத்தே இடம் தருகிறார்கள். முகவரி இல்லாமல் நகராட்சிப் பதிவு இல்லை, அந்தப் பதிவு இல்லாமல் முடக்கக் கணக்கிலிருந்து பணம் வராது. எல்பெ ஆற்றுக்கு மேற்குக் கரையில், வளாகத்துக்கு நடந்து போகக்கூடிய தொலைவில் உள்ள விடுதிகளை முதலில் குறியுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் புதிய கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.